நாற்பது நாள் தாடி

இல்லை என்று சொல்லிவிட்டேனே, கேட்டதும் சட்டென்று, கொஞ்சம்கூட நாக்குக் குழறாமல், சில்லறை இருக்கா என்று கேட்டவனுக்குப் பதில் சொல்கிற மாதிரி... சலூன்காரர் என்ன தப்பாகவா கேட்டார், நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துணியைச் சுற்றிக்கொண்டே, "தம்பிக்கு நேத்திக்கடன் முடியா, வீட்டுல முழுகாம இருக்காகளா, தப்பா நெனைக்காதீக, கேட்டுட்டுத்தான் நான் கத்தி எடுக்கிறது" என்றார், ஒழுங்கான மனிதர், தொழில் முறை தெரிந்தவர், நான்தான்... "அதெல்லாம் இல்லண்ணே, சும்மா விட்டது" என்றேன். சும்மா விட்டதாம். கல்லலில் அவள் அம்மா வீட்டில் வீரலட்சுமி எட்டு முடிந்து ஒன்பதாம் மாதத்து வயிற்றோடு பாயிலிருந்து எழுந்திருக்கவே சுவரைப் பிடிக்கிறாள், நான் கோட்டையூர் சலூனில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்கிறேன். வீட்டில் முழுகாமல் இருக்கும்போது புருஷன் முகத்தில் கத்தி பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பார்கள், சரி, கத்தி இன்னும் படவில்லை, ஆனால் வாய்? பெற்றவன் வாயாலேயே இல்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லிவைக்கவில்லையே, அதற்கு என்ன பரிகாரம், யாரிடம் போய்க் கேட்பது, கேட்டால் காறித் துப்ப மாட்டார்களா. காரைக்குடியில் நான் வழக்கமாகப் போகிற சலூன் என்றால் இந்தக் கேள்வியே வந்திருக்காது, அவருக்குத்தான் தெரியுமே, எட்டாம் மாதம் பிறந்த அன்றைக்கே என்னைப் பார்த்துச் சிரித்து, இனிமே புள்ள பொறந்த பொறகு வாங்க என்று அனுப்பிவிட்டார், அதனால்தானே டவுன் பஸ் ஏறி இங்கே வந்தேன், யாருக்கும் என்னைத் தெரியாத இடத்துக்கு. இப்போது திருப்பிச் சொல்லிவிடலாமா, அண்ணே ஒரு நிமிஷம், நான் சொன்னது பொய் என்று... அவர் கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். கொத்துக் கொத்தாக மடியில் விழுகிறது, நாற்பது நாள் தாடி, கத்தரிக்கோல் கத்தி ஆகுமா ஆகாதா, இரும்பு இரும்புதானே.

கடிகாரத்தில் மூணேகால். ஐந்து மணிக்குக் காரைக்குடியில் ஃபைனல், நாலரைக்கு அழகுசுந்தரம் சார் முன்னால் வரிசையில் நிற்க வேண்டும். அழகுசுந்தரம் சார் எங்கள் மில்லின் லேபர் ஆபீசர், பூப்பந்து டீமுக்கு மேனேஜரும் அவர்தான். டீமில் இருக்கிற எட்டுப் பேருக்கும் பேருக்கு ஒரு டிபார்ட்மென்ட், பேருக்கு ஒரு டோக்கன் நம்பர், பஞ்சு எந்தப் பக்கம் போய் நூல் எந்தப் பக்கம் வருகிறது என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குச் சரியாகத் தெரியாது, காலையிலும் சாயங்காலமும் பந்தடிப்பதற்குத்தான் சம்பளம். எட்டுப் பேரும் டெம்பரரி. ஆட்டத்தை விட்டால் அன்றைக்கே மில்லையும் விட வேண்டியதுதான். சாருக்கு ஆட்டம் இரண்டாவது, ஒழுங்கு முதலாவது. கேன்வாஸ் ஷூவில் வெள்ளைப் பூச்சு, சாக்ஸ் இரண்டு விரல் அகலம் மடிப்பு, முடி காதைத் தொடக்கூடாது, கிருதா பாதிக் காதோடு நிற்க வேண்டும், முகத்தில் ஒன்றும் இருக்கக்கூடாது, மீசை உள்பட. ஊரெல்லாம் காலேஜ் பையன்கள் தாடைவரைக்கும் கிருதாவும் காதை மூடிய முடியுமாகத் திரிகிற காலத்தில் நாங்கள் உரித்த கோழி மாதிரி போய் இறங்குவோம், மீசையில்லாத மில்லு வருதுடா என்று கத்துவார்கள். எங்கள் பக்கத்தில் மீசையை எடுப்பதென்றால் அப்பன் செத்திருக்க வேண்டும், டீமில் சேர்ந்த முதல் வாரம் பார்க்கிறவர்கள் எல்லாம் என் அப்பா எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார்கள், அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே ஒருவர் விசாரித்தார். வரிசையில் நிற்கவைத்து சார் ஒரு போஸ்ட்கார்டை எடுப்பார், தாடையிலிருந்து காதுவரைக்கும் கார்டின் விளிம்பை மேல்நோக்கி ஓட்டுவார், சர்ரென்று சத்தம் வந்தால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது. "சொந்த மூஞ்சிய அடக்கத் தெரியாதவன் பந்த எப்படிப்பா அடக்குவான்" என்பார். திட்டமாட்டார், கையை ஓங்கமாட்டார், கார்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்தில்கூடக் கேட்கும், இப்போதும் கத்தரிக்கோல் சத்தத்துக்கு நடுவே கேட்கிறது.

"தம்பி மொகத்த அசைக்காதீக" என்கிறார். வயிரவன் என்று வெளியே பலகையில் எழுதியிருந்தது, இவர்தான் போலிருக்கிறது, ஐம்பது வயது இருக்கும், கை நிதானமாக இருக்கிறது. பிரஷ்ஷில் சோப்பைக் குழைக்கிறார். நுரை சில்லென்று கன்னத்தில் படுகிறது, வெந்நீர் வைக்கக் கூடாதா மனுஷன்... அன்றைக்கும் இப்படித்தான் சில்லென்று இருந்தது. எழுபத்திரண்டாம் வருஷம், முதல் பிள்ளை, ஏழு மாதம் முடிந்திருந்தது, திருச்சியில் டோர்னமெண்ட். வெளியூர் போவதற்கு முன்னால் சார் மில்லுக்கே ஆளை வரவழைத்து எங்களை வரிசையாக பெஞ்சில் உட்காரவைத்து வழிக்கச் சொல்லுவார். அதற்கு முந்தின நாள் வீரலட்சுமி சோறு போட்டுக்கொண்டே, ஏங்க, இந்த ஒண்ண மட்டும் எனக்காகக் கேளுங்க, ஒங்க சார்கிட்டச் சொல்லிப் பாருங்க என்றாள், சரி சரி என்றேன், கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அது. பெஞ்சில் என் முறை வந்தபோது சார் அங்குட்டுத்தான் நின்றுகொண்டிருந்தார், வாயைத் திறந்தேன், குட்மார்னிங் சார் என்றேன். அவ்வளவுதான் வந்தது. நான் எங்கே எடுத்தேன், எடுத்துவிட்டார்கள், என் கன்னம் அவ்வளவுதான், என் கை மடியில்தான் இருந்தது, அப்படித்தான் சொல்லிக்கொண்டேன் திருச்சி போகிற வழியெல்லாம். ஜெயித்தோம். மூன்றாம் நாள் கோப்பையோடு வந்து இறங்கினால் கல்லலிலிருந்து ஆள் வந்து காத்துக்கொண்டிருந்தது.

ஆண் பிள்ளை. அழவே இல்லையாம். நான் போவதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள், முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, மூக்கு யார் மாதிரி என்று யாரிடமாவது கேட்கலாமா என்று இருந்தது, கேட்கவில்லை. அத்தை அக்கம்மாள் வாசலிலேயே நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார், "கோப்பையும் வாங்கிட்டீக மாப்பிள்ள, மூஞ்சியும் பளபளன்னு வழிச்சுட்டு வந்துட்டீக" என்றார், அதுவே போதும், இரண்டு வருஷமாகப் போதும். வீரலட்சுமி படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். என் கன்னத்தைத் தொடக் கையைத் தூக்கினாள், பாதியில் நிறுத்தி அந்தக் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். பிரசவம் பார்த்த டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார், கழுத்தில் கொடி சுற்றியிருந்தது, அது யார் கையிலும் இல்லை, அடுத்தது நல்லபடியாகப் பிறக்கும் என்று. நானும் எஸ்.எஸ்.எல்.சி. வரைக்கும் படித்தவன்தான், காரைக்குடியில் கன்னத்தில் கத்தி பட்டால் கல்லலில் வயிற்றுக்குள் கொடி எப்படிச் சுற்றும், அது என்ன தந்தியா... ஆனால் சுற்றியதே. படாமல் இருந்திருந்தால் சுற்றியிருக்காது என்று அத்தை சொல்கிறார், பட்டதால்தான் சுற்றியது என்று யார் நிரூபிப்பது என்று நான் கேட்டுக்கொள்கிறேன், பட்டதால் சுற்றவில்லை என்றுதான் யார் நிரூபிப்பது, பகலில் டாக்டரம்மா ஜெயிக்கிறார், விளக்கை அணைத்தால் அத்தை ஜெயிக்கிறார்.

கத்தியைத் தோல்வாரில் தீட்டுகிறார். ஒருமுறை, இரண்டு முறை, எண்ணாதே. வலது கன்னத்தில் வைத்துவிட்டார். பட்டுவிட்டது. ஒன்றும் ஆகவில்லை, ரேடியோவில் சிலோன்காரன் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருக்கிறான், எதிரே செட்டியார் வீட்டு வாசலில் இரண்டு ஆட்கள் மூட்டை இறக்குகிறார்கள். மூட்டையைப் பார்த்தாலே மலையாண்டி... ஏன் அவன் இப்போது வருகிறான். எனக்கு முன்னால் டீமில் பின்வரிசையில் இடது பக்கம் நின்றவன் மலையாண்டி, என்னைவிட நல்ல ஆட்டக்காரன், இதைச் சொல்வதற்கு எனக்கு இத்தனை வருஷம் ஆனது. அவன் பெண்டாட்டிக்கு ஏழாம் மாதம் வந்ததும் நேராக சாரிடமே போய் நின்று சொன்னான், சார் இனிமே மூணு மாசத்துக்கு நான் எடுக்க மாட்டேன், எங்க வழக்கம் என்று. சார் கோபிக்கவே இல்லை, "அதுக்கென்னப்பா, உக்காந்து பாருங்க, பூமிநாதன் ஆடட்டும்" என்றார். பூமிநாதன் நான்தான். நான் ஆடினேன். மலையாண்டி தாடியோடு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தான், ஒரு டோர்னமெண்ட், இரண்டு டோர்னமெண்ட், அவன் பிள்ளை பிறந்து முகத்தை வழித்துக்கொண்டு வந்தபோது பின்வரிசையில் இடது பக்கம் என்னுடையதாகியிருந்தது, நாலாம் மாதம் டோக்கனை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். இப்போது புதுவயலில் ரைஸ் மில்லில் லாரிக்கு மூட்டை ஏற்றுகிறான். போன பொங்கலுக்கு அங்கே பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன், தலையெல்லாம் தவிடு, தோளில் ஒரு பொம்பளப் பிள்ளையை உட்காரவைத்திருந்தான், மூன்று வயது இருக்கும், அவன் மீசையை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. "என்னடா பூமி, ஆடுறீகளா" என்றான். ஆமாம் என்றேன். அவன் என்மேல் கோபப்பட்டிருந்தால் தேவலை, பஸ்ஸில் இடம் பிடித்துக் கொடுத்தான்.

அதனால்தானே இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை, மலையாண்டி மாதிரி உண்மையைச் சொல்லி உட்கார்ந்து பார்க்கவும் முடியாது, திருச்சி மாதிரி வழித்துக்கொண்டு கல்லலுக்குப் போகவும் முடியாது. இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து கண்டுபிடித்தேன், ஒரு டாக்டரிடம் போய் முகத்தில் சொறி, கத்தி பட்டால் சீழ் வைக்கிறது என்று அழுது ஒரு சர்டிபிகேட். நாற்பது நாள். சார் அதை வாங்கி இரண்டு முறை படித்தார், என் கன்னத்தைக் கிட்ட வந்து பார்த்தார், மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துத் தடவி நானே சிவக்க வைத்திருந்தேன், "கவனிச்சுக்கங்க, தொத்திக்கிட்டா டீமே போயிரும்" என்று இரண்டடி தள்ளி நின்றார். எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. நாற்பது நாளுக்குள் பிறந்துவிடும் என்று ஒரு கணக்கு, அவள் நாள் கணக்கு தப்பு, இன்னும் மூன்று வாரம் என்கிறார்கள். அரையிறுதியில் என் இடத்தில் சேதுபதி நின்றான், பத்தொன்பது வயது, முகத்தில் வழிக்கவே ஒன்றும் கிடையாது, பூனை முடி, அவனுக்கு என்ன கவலை. நன்றாக ஆடிவிட்டான் பயல். கோட்டுக்கு வெளியே தாடியோடு உட்கார்ந்து நான் பார்த்தேன், மலையாண்டி உட்கார்ந்த அதே வேப்பமரத்தடிதான், ஒவ்வொரு பந்துக்கும் அவன் தவறவிட வேண்டும் என்று வேண்டினேன், சொந்த டீம் தோற்க வேண்டும் என்று. நேற்று சர்டிபிகேட் முடிந்தது. ஃபைனல் முடிந்த பிறகு நாலு பேருக்குப் பெர்மனன்ட் ஆர்டர் என்று மில்லெல்லாம் பேச்சு. காலையில் சார் கூப்பிட்டார், "பூமிநாதன், இன்னைக்கு ஆடணும்னா மொகம் சுத்தமா வரணும். ஒடம்பு இன்னும் சரியில்லைன்னா உக்காந்து பாருங்க, சேதுபதி ஆடட்டும்" என்றார். அதே வார்த்தை. அதே குரல்.

வலது பக்கம் முடியப் போகிறது, கண்ணாடியில் பார்க்காதே... போன ஞாயிற்றுக்கிழமை கல்லலுக்குப் போயிருந்தேன். அத்தை அடுக்களையில் இருந்தார். வீரலட்சுமி என் தாடியைப் பிடித்து இழுத்து, சாமியாரே சாமியாரே என்று கேலி பண்ணினாள், அவள் என்னைக் கேலி பண்ணி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அப்புறம் என் தலையை இழுத்துத் தாடையை வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை, சரியாக என் தாடை எலும்பில், அம்மாடி, என்ன ஒரு உதை. "குத்துதாம்ல, அதான் ஒதைக்குது, ஒங்க தாடி அதுக்கும் தெரிஞ்சுபோச்சு" என்றாள். அப்படியே கிடந்தேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது. கிளம்பும்போது வாசல்வரைக்கும் வந்து, ஒங்க சார் ஒத்துக்கிட்டாரா என்றாள். ஒத்துக்கிட்டார், நல்ல மனுஷன் என்றேன். "நல்லா இருக்கட்டும் அவுக புள்ளகுட்டியெல்லாம்" என்றாள். சாருக்குப் பிள்ளை கிடையாது. அதையாவது சொன்னேனா... அதற்குத் தாடி தெரியும் என்றால் தாடி போனதும் தெரியுமா, இப்போது இந்த நிமிஷம் கல்லலில் அது புரண்டு படுக்கிறதா, புரளும்போதுதானே கொடி...

சுருக்கென்றது. தாடை எலும்புக்குக் கீழே, நான்தான் அசைந்திருப்பேன். "அடடே, சின்னக் கீறல்தான் தம்பி" என்று படிகாரக் கட்டியை எடுத்தார், கண்ணாடியில் சோப்பு நுரைக்கு நடுவே சிவப்பாக ஒரு பொட்டு, ஒரு சொட்டு, அது இறங்குகிறது, கழுத்தை நோக்கி நூல் மாதிரி இறங்குகிறது, கழுத்தைச் சுற்றி... யாரோ இருக்காக இருக்காக என்று கத்துகிறார்கள், என் குரல்தான். "இருக்காகண்ணே, வீட்டுல இருக்காக, ஒம்பதாம் மாசம், மொதப் புள்ள தங்கல, நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன். வயிரவனின் கை காற்றிலேயே நின்றது. ரேடியோவை முதலில் அணைத்தார். கத்தியைத் துடைத்தார், ஒருமுறைக்கு இரண்டுமுறை துடைத்தார், மடக்கப் போனவர் மடக்காமல் கண்ணாடிக்குக் கீழே இருந்த பலகையில் வைத்தார். என்னை அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "கேட்டேன்ல, கேட்டுட்டுத்தான எடுத்தேன்" என்றார், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை, "எங்கையில செய்ய வச்சுட்டீகளே தம்பி, நானும் புள்ளகுட்டிக்காரன்" என்றார், அப்போதுதான் பார்த்தேன், அவருக்கும் பயம், முகம் வெளிறிப்போய் இருந்தது. ஒரு பொய்யில் எத்தனை பேரைப் பயப்படவைத்துவிட்டேன். ஆட்டத்தைச் சொன்னேன், மில்லைச் சொன்னேன், கார்டைச் சொன்னேன், நாலரை மணியைச் சொன்னேன், கொட்டிவிட்டேன் எல்லாவற்றையும், தெரியாத ஊரில் தெரியாத மனிதரிடம்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, அவருக்கே உரிய நிதானம் திரும்பியவராக, "பாதி நிக்குதுல்ல தம்பி, அது நிக்கட்டும். மொகத்தக் கழுவிட்டுத் துண்டச் சுத்திக்கிட்டுப் போங்க, ரயிலுக்கு நேரம் இருக்கு, கல்லலுக்குப் போயி வீட்டுல பக்கத்துல இருங்க. வேலை போனா வேற வேலை. நான் இதுக்கு மேல தொட மாட்டேன், காசும் வேணாம்" என்றார். எழுந்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் பார்த்தார், இரண்டு நிமிஷம் பார்த்தார், "ஒங்க பாடு ஒங்க சாமி பாடு" என்று பீடிக்கட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார், எதிர்வீட்டு நிழலில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கண்ணாடியில் ஒரு பக்கம் மலையாண்டி, ஒரு பக்கம் சேதுபதி. எழுந்திரு. துண்டைச் சுற்று. ரயிலடிக்குப் போ. வேலை போனால் மூட்டை தூக்கலாம், மலையாண்டி தூக்கவில்லையா, அவன் தோளில் அந்தப் பிள்ளை உட்கார்ந்திருந்ததே, அது எவ்வளவு சுகமாக இருக்கும்... ஆனால் பந்து. மஞ்சள் கம்பளிப் பந்து எதிர்க்கோட்டிலிருந்து எழும்பி வெயிலுக்குள் போய் ஒரு கணம் காணாமல் போய்த் திரும்ப இறங்கும், அது இறங்குகிற இடத்துக்கு என் கால் எனக்கு முன்னால் போயிருக்கும், அந்தக் கணத்தில் மட்டும் எனக்கு ஒன்றுமே பயம் கிடையாது, சார் கிடையாது, அத்தை கிடையாது, செத்துப்போன பிள்ளைகூடக் கிடையாது. மற்ற நேரமெல்லாம் நான் பயந்தபடியே இருக்கிறவன். அந்த இடத்தில் இன்னொருத்தன் நிற்பதை இன்றைக்கு ஐந்து மணிக்கு என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா. அதுவா, இதுவா என்று கேட்டால்... யார் கேட்டார்கள். யாரும் கேட்கவே இல்லையே. ஒன்பதாம் மாதம் என்று சாருக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியாது. முகம் சுத்தமாக வா, இல்லாவிட்டால் உட்கார் என்றார், அவ்வளவுதான், இரண்டு வழி வைத்தார், அதில் ஒன்றுக்கு நான்தான் பஸ் ஏறி வந்தேன்.

வாரில் தீட்டிய கத்தி பலகையில் இருக்கிறது. எலும்புப் பிடி, கையில் எடுத்தால் நான் நினைத்ததைவிட லேசாக இருக்கிறது. யாராவது தடுத்துவிட மாட்டார்களா என்றுதான் சொன்னேனோ அவரிடம், கத்தியது, கொட்டியது எல்லாம் அதற்குத்தானோ, இந்த மனிதர் சொல்லிவிட்டால் போய்விடுவேன் என்று நிஜமாகவே நம்பினேன். அவர் சொல்லிவிட்டார், ரயிலைக்கூடச் சொல்லிவிட்டார். தடுத்தாகிவிட்டது. இதற்கு மேல் என்னைத் தடுக்க யாரும் வரமாட்டார்கள், வந்தாலும்... இத்தனை நாளும் சாருக்குப் பயந்தேன், கத்திக்குப் பயந்தேன், கொடிக்குப் பயந்தேன், இப்போது கண்ணாடியில் இருக்கிற இந்த ஆளைப் பார்த்தால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றுகிறது. கல்லலில் ஒரு பொம்பளை சாரின் பிள்ளைகுட்டி நன்றாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். இடது கன்னத்தில் சோப்பு காய்ந்துவிட்டது. கிண்ணத்தில் விரலை நனைத்து, கொஞ்சம் தண்ணீர் தொட்டுக்கொள்கிறேன்.